சேஷமும் எச்சிலும்: பண்டிகை மிச்சம் பற்றிய ஒரு தர்ம விசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் அமுது செய்தருளியதும் தளிகை கோஷ்டிக்கு விநியோகமாகிறது. தொன்னையில் ஒரு பிடி புளியோதரையோ ததியோந்நமோ கிடைத்தவுடன், அதனைக் கண்களில் ஒற்றிக்கொண்டு உட்கொள்ளாத பக்தர் இல்லை. காலையில் ஸமர்ப்பித்தது மாலையில் கைக்கு வந்தாலும், ஆறிப் போயிற்றே என்று ஒருவரும் குறை கூறுவதில்லை. அதே பக்தர் தம் இல்லத்தில் பண்டிகைக்கு மறுநாள் மிஞ்சிய சோற்றைக் கண்டால் முகம் சுளிக்கிறார். அதனைக் கொட்டிவிடவும் சொல்கிறார். இரண்டும் எஞ்சியவையே. ஒன்று தலைமேல் தாங்கத் தக்கதாகவும், மற்றொன்று குப்பையில் எறியத் தக்கதாகவும் ஆனது எதனால்?

இவ்வினா அற்பமானதன்று. ஸ்ரீராமநவமி, ஸ்ரீஜயந்தி, நவராத்திரி, தீபாவளி, மார்கழி நோன்பு, பொங்கல் என்று ஆஸ்திக இல்லங்களில் பண்டிகைகள் ஆண்டு முழுவதும் வருகின்றன. ஒவ்வொன்றிலும் பொருள் செலவாகிறது. ஒவ்வொன்றிலும் ஏதோ மிஞ்சுகிறது. சில இல்லங்களில் மிஞ்சுவது பண்டம். சில இல்லங்களில் மிஞ்சுவது கடன். எது மிஞ்சலாம், எது மிஞ்சலாகாது என்பதை ஆராய்வது இல்லறத்தார் கடமையாகும்.

முதலில் சாஸ்திரத்தை நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழும். ஸ்ரீகீதையின் 3ஆம் அத்தியாயத்தில், வேள்வியில் எஞ்சியதை உண்ணும் நல்லோர் பாவங்களினின்று விடுபடுகின்றனர் என்றும், தமக்கென்றே சமைப்போர் பாவத்தையே உண்கின்றனர் என்றும் கண்ணன் அருளிச்செய்கிறான். அதே கீதையின் 17ஆம் அத்தியாயத்திலோ, சமைத்து நேரம் கடந்ததும், சுவை போனதும், நாற்றமுடையதும், எச்சிலானதும் தாமஸர்க்கு உகந்த உணவென்று ஒதுக்குகிறான். எஞ்சியதை ஓரிடத்தில் புகழ்ந்து, மற்றோரிடத்தில் இகழ்வானேன்?

இதற்கு மநு ஸ்ம்ருதியின் 5ஆம் அத்தியாயம் வழிகாட்டுகிறது. பழையதாயினும் நெய்யோ எண்ணெயோ கலந்ததும், ஹவிஸ்ஸின் சேஷமாயிருப்பதும் விலக்கப்படவில்லை என்று அது கூறும். நெய்க்கும் எண்ணெய்க்கும் அங்கே வழங்கும் சொல் ‘ஸ்நேஹம்’ என்பது. அச்சொல்லுக்கு அன்பு என்னும் பொருளும் உண்டு. புளியோதரை வழிநடைக்கு உதவுவது புளியின் புளிப்பாலும் நல்லெண்ணெயாலும் என்பதை மடைப்பள்ளியில் உள்ளோர் அறிவர். அன்னத்தை ஸ்நேஹம் கெடாமற் காப்பதுபோல, எஞ்சியதை எச்சிலாகாமற் காப்பது அன்பேயாம்.

அவ்வன்பு வெளிப்படுவது கொடுக்கும் முறையில். முதலில் எம்பெருமானுக்கும், அவனடியார்க்கும், வாசலில் வந்தவர்க்கும் அளித்துப் பின் நிற்பது சேஷம். முதலில் தான் வயிறார உண்டு, வேண்டாமென்று ஒதுக்கிவைப்பது எச்சில். பண்டம் ஒன்றே, முந்தியது யார் என்பதே வேறுபாடு. அடியார் அமுது செய்த சேஷம் புனிதமானது என்று தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் பாடியதும் இக்கருத்தைப் பற்றியே.

இம்முறை பிறழ்ந்தால் தானமும் தானமாகாது. கடோபநிஷத்தில் நசிகேதனின் தந்தை வேள்வித் தக்ஷிணையாகப் பசுக்களைக் கொடுக்கிறார். அவை நீர் குடித்து முடித்தவை, புல் மேய்ந்து முடித்தவை, பால் வற்றியவை. அதைக் கண்டு சிறுவன் மனம் கலங்கினான். பண்டிகை கழிந்து 3 நாள் ஆனபின், வீட்டார் ஒருவரும் தொடாத பண்டத்தைப் பாத்திரம் துலக்க வரும் பெண்மணியிடம் கொடுத்து, தர்மம் செய்தோம் என்று நினைப்பவர் நசிகேதனின் கலக்கத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடுப்பதென்றால், பண்டிகையன்று, சூடு ஆறுமுன் கொடுத்தலே அழகு. தான் உண்ணத் துணியாததைப் பிறர்க்கு ஈதல் ஒருபோதும் அறமாகாது. கெட்டுப்போனதைப் பிரஸாதம் என்ற பெயரால் உண்ணுதலும் வேண்டுவதில்லை. கெடுமுன் பகிராததே அங்கு நேர்ந்த பிழை.

இனிச் செலவைப் பற்றி நோக்கலாம். பண்டிகை வந்தால் கடன் வாங்கியேனும் சிறப்பாகச் செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் பரவியிருக்கிறது. அயலார் என்ன நினைப்பார்களோ என்று நகையை அடகு வைப்போரும், தலைத் தீபாவளிச் சீருக்காக வட்டிக்கு வாங்கி ஆண்டு முழுவதும் வருந்துவோரும் உளர். மஹாபாரதத்தின் வனபர்வத்தில் மகிழ்பவன் யார் என்று யக்ஷன் வினவியபோது, பொழுது கடந்தேனும் தன் வீட்டில் கீரை சமைத்து, கடனின்றி, அயலிடம் சென்று அலையாமல் இருப்பவனே என்று தர்மபுத்திரன் விடையளித்தான். அறுசுவை விருந்தை அவன் கூறவில்லை. கீரையைக் கூறினான், கடனின்மையைக் கூறினான்.

எம்பெருமான் திருவுள்ளமும் அத்தகையதே. திருமலையில் தொண்டைமான் பொற்பூக்களைச் சாற்ற, குயவரான குரும்பறுத்த நம்பி மண்ணாற் செய்த பூக்களைத் தம் குடிலிலிருந்தே ஸமர்ப்பித்தார் என்பதும், எம்பெருமான் மண்பூவையே உகந்தான் என்பதும் பெரியோர் வழங்கும் வரலாறு. குசேலரின் கந்தையில் முடிந்திருந்தது அவலே. ஸ்ரீராமநவமிக்கு வெல்லமும் சுக்கும் ஏலமும் கலந்த பானகமும், நீர்மோரும், ஊறிய பயற்றம்பருப்பும் போதும். ஸ்ரீஜயந்திக்கு அவலும் வெண்ணெயும் முன்நிற்க, சீடையும் முறுக்கும் இயன்ற அளவில் அமையலாம்.

சிக்கனம் என்றால் மகிழ்ச்சியைக் குறைத்தல் என்று கொள்ளலாகாது. ஆண்டாளின் திருப்பாவையே இதற்குச் சான்று. நோன்பின் தொடக்கத்தில் ஆய்ச்சிறுமியர் நெய்யையும் பாலையும் விலக்குகின்றனர். 27ஆம் பாசுரத்தில் நெய் பெருகும் பாற்சோற்றை எல்லோரும் கூடியிருந்து உண்டு குளிர்கின்றனர். கூடாரவல்லியன்று அக்காரவடிசில் இனிப்பது வெல்லத்தால் மட்டுமன்று. காத்திருந்ததாலும், கூடியிருந்ததாலும் இனிக்கிறது. நாள்தோறும் விருந்துண்பார்க்குப் பண்டிகை நாள் ஏது?

ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் ரஸம் சாற்றமுது; கறி கறியமுது; பாயஸம் திருக்கண்ணமுது. நேற்று அமுதென்று அழைத்ததை இன்று குப்பையென்று அழைத்தல் நாவுக்கு அடாது. ஆதலால் அளவறிந்து சமைத்தல் முதற்கடமை. இலைகளை எண்ணிய பின்னரே அரிசியைக் களைதல் வேண்டும். பத்து வகைப் பணியாரம் செய்து பாதியை வீணாக்குவதினும், இனிப்பில் ஒன்றும் காரத்தில் ஒன்றும் செய்து அண்டை வீட்டாரோடு பகிர்தல் நன்று. அதன் பின்னும் மிஞ்சினால் முன்னோர் காட்டிய வழிகள் பல. சோற்றில் அன்றிரவே நீர் வார்த்தால் மறுநாட் காலை மோரோடு பழையதாகும். வடை தயிரில் ஊறும். குழம்பும் கூட்டும் ஒன்றுசேர்ந்து அடுப்பில் சுண்டினால், தயிர்ச் சோற்றுக்கு அதனினும் ஏற்ற துணையில்லை. சுண்டலை அரைத்து அடை மாவில் சேர்க்கலாம். உடைத்த தேங்காய் துவையலாகும். பால் சேர்ந்த திருக்கண்ணமுதை மட்டும் வைத்திராமல் அன்றே பகிர்ந்துவிடுதல் நலம். குளிர்ப்பெட்டி உள்ள இல்லத்திலும் அதில் வைத்து மறந்தது நாள் கடந்ததேயாகும்.

இங்கு மறவாது சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. மிச்சத்தை வீணாக்கலாகாது என்று ஆடவர் உபதேசிக்கும் இல்லங்களில், அம்மிச்சத்தை உண்பவர் பெரும்பாலும் யார்? பண்டிகையன்று விடியுமுன் எழுந்து அடுப்பருகில் நின்று, எல்லோர்க்கும் பரிமாறிக் கடைசியில் அமர்பவள் இல்லத்தரசி. மிஞ்சியதே அவள் பங்கு. மிஞ்சாவிடில் மோரோடு படுத்துக்கொள்கிறாள். மறுநாட் பழையதும் அவளுக்கே வருகிறது. வனவாசத்தில் திரௌபதியின் அக்ஷய பாத்திரமும் அவள் உண்ணுமளவே சுரந்தது. அவள் உண்டபின் துர்வாஸர் சீடர்களோடு வந்தபோது, கழுவிய பாத்திரத்தில் ஒட்டியிருந்த சிறிது கீரையைக் கண்ணன் கேட்டு வாங்கி அமுது செய்தான். உலகமே பசி தீர்ந்தது. அனைத்துலகுக்கும் நாதனானவனே மிச்சத்தைக் கைநீட்டி ஏற்றானென்றால், இல்லத்தின் தலைவனும் மைந்தரும் மறுநாட் பழையதை அவளோடு ஒக்க அமர்ந்து உண்ணுதல் இழிவாகுமோ? ஒருத்திமேல் மட்டும் சுமத்தப்படும் மிச்சம் சேஷமாகாது. எல்லோரும் பகிரும்போதே அது பிரஸாதமாகிறது.

திருவரங்கத்தில் ஒருநாள் மழை விடாது பெய்ததால் கூரத்தாழ்வான் பிக்ஷைக்குச் செல்லவியலாது பட்டினியாய் இருந்தார். இரவில் பெரிய பெருமாளின் அரவணை மணியோசையைக் கேட்ட அவர் தேவியார் ஆண்டாளம்மை, அடியான் பசித்திருக்கத் தேவரீர் அமுது செய்வதோ என்று மனத்தில் நினைந்தார். பெருமாள் நியமனத்தால் பிரஸாதம் மேளதாளத்துடன் இல்லம் தேடி வந்தது. கூரத்தில் பெருஞ்செல்வராய் இருந்து அனைத்தையும் துறந்து வந்த ஆழ்வான், அவ்வளவு வந்தும் இரண்டு பிடியே ஏற்றார் என்று குருபரம்பரை கூறும். அவ்விரு பிடியின் பயனாகவே பராசர பட்டரும் வேதவியாஸ பட்டரும் அவதரித்தனர் என்பர். வேண்டுமளவு ஏற்று எஞ்சியதைப் பிறர்க்கு விடுத்த அக்கையே பண்டிகை கொண்டாடுவார்க்கு அளவுகோல்.

‘சேஷம்’ என்னும் சொல்லுக்கு எஞ்சியது என்று பொருள். பிறனொருவனுக்கு ஏற்றம் உண்டாக்குவதையே தன் இயல்பாகக் கொண்டது சேஷம் என்று ஸ்ரீபாஷ்யகாரர் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் வரையறுத்தருளினார். அவ்வகையில் ஜீவன் எம்பெருமானுக்குச் சேஷபூதன். தன் இல்லத்தில் எஞ்சிய ஒரு பிடி அன்னமும் இன்னொருவர்க்குப் பயன்பட வேண்டியது என்று உணர்பவன், தன் ஸ்வரூபத்தையும் உணர்ந்தவனாகிறான். இவ்வுத்ஸவத்தை ஸேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், தொன்னையைக் கண்களில் ஒற்றிய அதே பக்தியைத் தத்தம் சமையலறைக்கும் கொண்டு செல்வார்களாக. கடன் மிஞ்சாது, அன்பு மிஞ்சும் பண்டிகைகள் இல்லந்தோறும் பெருகுக.

சுபம்.