நரம்புகள் இளைப்பாறாத இராத்திரி



இந்த மாதம் கால்களைப் பற்றி எழுதுகிறேன். ஆவிக்குரிய நடையைப் பற்றி அல்ல, படுக்கையில் நீட்டினால் சும்மா கிடக்காத இந்த மாம்சமான கால்களைப் பற்றித்தான். "பாஸ்டருக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலையா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். ஜெபத்துக்காக முன்னால் வருகிறவர்களில் எத்தனை பேர் குரலைத் தாழ்த்தி, "ராத்திரியானா கால் குடையுது பாஸ்டர், தூக்கமே இல்ல" என்று சொல்லுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அது அந்நியமான காரியம் அல்ல. சர்க்கரை வந்து பதினோரு வருஷமாகிறது. நாலு வருஷமாகப் பாதத்தில் எரிச்சல். பகலில் வேலை, வீடு சந்திப்பு, கூட்டம் என்று ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. விளக்கை அணைத்துப் படுத்தால் போதும், மிளகாயை அரைத்து உள்ளங்காலில் பூசினதுபோல ஆரம்பித்துவிடும். போர்வை பட்டாலும் பொறுக்காது.

யோபு புஸ்தகத்தை நாம் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். ஆடுமாடுகள் போனது, பிள்ளைகள் போனது, சாம்பலில் உட்கார்ந்தது எல்லாம் பிரசங்கத்தில் வரும். ஆனால் யோபுவின் இராத்திரிகளைப் பற்றி யாராவது பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறீர்களா? ஏழாம் அதிகாரம் நாலாம் வசனத்தைப் பாருங்கள். படுத்தவுடனே எப்போது எழுந்திருப்போம் என்று நினைக்கிறார், கிழக்கு வெளுக்கும்வரை புரண்டு புரண்டு கிடக்கிறார். முப்பதாம் அதிகாரம் பதினேழாம் வசனத்தில் இன்னும் தெளிவாகவே சொல்லுகிறார். இரவில் எலும்பைத் துளைக்கிற வேதனையாம், ஓய்வில்லையாம். எதற்கு ஓய்வில்லை? நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் "நரம்பு" என்ற வார்த்தையையே போட்டிருக்கிறது! எபிரெயுவில் அங்கே இருக்கிற சொல்லுக்குக் கடித்துக்கொண்டிருக்கிறவை, அரித்துத் தின்கிறவை என்ற அர்த்தம் உண்டு. எறும்பு ஊருது, உள்ளே ஏதோ கடிக்குது, பிறாண்டுது என்று நம்முடைய தாய்மார்கள் சொல்லுகிறார்களே, அதே பாஷை.

அந்த யோபுவைப் பற்றித் தேவன் கொடுத்த சாட்சி என்ன? உத்தமன் என்றார், சன்மார்க்கன் என்றார். உத்தமனுடைய நரம்புகளுக்கும் இராத்திரியில் இளைப்பாறுதல் இல்லாமல் போயிற்று. இதை நன்றாய் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி நான் சொல்லப்போகிறது நம் சபையில் நடந்தது.

தையல் வேலை செய்கிற ஒரு சகோதரி. வயது முப்பத்தைந்துக்குள்தான். பேரைப் போடாமல் எழுதுங்கள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். பகலெல்லாம் மெஷின் மிதிப்பார், கால் ஒன்றும் செய்யாது. சாயங்காலம் சும்மா உட்கார்ந்தால்தான் தொல்லை. கெண்டைக்காலுக்குள் ஒரு குடைச்சல், உளைச்சல். அசைத்தே ஆகவேண்டும் என்று ஒரு வேகம் வரும். எழுந்து நாலு எட்டு நடந்தால் நிற்கும், உட்கார்ந்தால் மறுபடியும் வரும். துண்டை எடுத்து இறுக்கிக் கட்டுவார், தைலம் தேய்ப்பார், பிள்ளைகளைக் காலின்மேல் ஏறி மிதிக்கச் சொல்லுவார். முழு இரவு ஜெபத்தில் பதினோரு மணிக்குமேல் அவரால் பாயில் உட்கார முடியாது. எழுந்து வெளியே போவார், வருவார், திரும்பவும் போவார். பெண்கள் பக்கத்தில் ஒருவர், "ஜெபத்துல உட்காரவிடாம பண்றது பிசாசுதான். உனக்குள்ள ஏதோ கட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த மகள் நாலு மாதமாக முழு இரவு ஜெபத்துக்கு வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் வந்த கையோடு போய்விடுவார். என் மனைவி வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "காலை வெட்டிப் போட்டுடலாம் போல இருக்கு பாஸ்டரம்மா. இதுல பிசாசு பிடிச்சவன்னு பேரு வேற" என்று அழுதிருக்கிறார்.

பிரியமானவர்களே, பிசாசு இல்லை என்று நான் சொல்லவில்லை. அவனைத் துரத்துகிற ஊழியத்தைத்தான் செய்துவருகிறோம். ஆனால் ஒரு பெண் கால் ஆட்டுகிறாள் என்பதற்காகப் பிசாசின் பேரைச் சொல்லுகிறது பகுத்தறிகிற வரம் அல்ல. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் சீஷர்கள் ஒரு குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்களே! அந்தக் கேள்வியே தப்பு என்று ஆண்டவர் காட்டினார். யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் வாயை மூடிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்தபிறகுதான் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

இந்த வியாதிக்கு வைத்தியர்கள் வைத்திருக்கிற பேர் "ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்", ஓய்ந்திராத கால்கள் என்று அர்த்தம். இது இன்று நேற்று வந்ததல்ல. 1672-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதிவைத்தார். 1945-ல் சுவீடன் தேசத்து வைத்தியர் எக்போம் இதை விவரமாக ஆராய்ந்து எழுதி, இந்தப் பெயரையும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சரீரத்தில் இரும்புச் சத்தின் சேமிப்பு குறைவது ஒரு முக்கியமான காரணம். கர்ப்பகாலத்தில் சிலருக்கு வந்து, பிரசவத்துக்குப் பின் போய்விடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வரும். சில குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் இருக்கும்.

அந்தச் சகோதரியை என் மனைவி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் பெரிட்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, சரீரத்தில் இரும்பு எவ்வளவு சேர்த்துவைத்திருக்கிறது என்று அது காட்டும். அதில் களஞ்சியம் காலி! மாதாமாதம் அதிகமான உதிரப்போக்கு, யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்காக இருந்திருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறவர்களுக்கும் இந்தச் சேமிப்பு குறைந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சாதாரணமாகப் போதும் என்று சொல்லுகிற அளவு இந்த வியாதிக்காரருக்குப் போதாதாம். பெரிட்டின் 75-க்குமேல் ஏறவேண்டும் என்று பார்க்கிறார்கள். இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரையோடு டீ குடிக்கக்கூடாது என்றும் சொன்னார்கள், டீ அந்தச் சத்தைச் சேரவிடாது. மூன்று மாதம் கழித்து இப்போது வாரத்தில் நாலைந்து இராத்திரி தூங்குகிறார். முழுசாகப் போய்விட்டது என்று நான் சாட்சி எழுதமாட்டேன், போகவில்லை. ஆனால் தூங்குகிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! (டாக்டரைக் கேட்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அதிகமானாலும் கெடுதல்.)

என்னுடைய காரியம் வேறே. நடந்தால் எனக்கு எரிச்சல் நிற்பதில்லை. இது சர்க்கரையினால் நரம்பு கெட்டு வருகிற எரிச்சல், மரத்துப்போதல், ஊசிக்குத்தல். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒருவர் மாத்திரையை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடுகிறது நம் ஜனங்களிடம் உண்டு, அதை விட்டுவிடுங்கள். சர்க்கரைக்காக மெட்பார்மின் மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறையலாம். அதனாலும் நரம்பு பாதிக்கும், ஆகவே அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, மரத்துப்போன காலைச் சூடான தண்ணீரில் வைக்காதீர்கள். சுடுகிறது உங்களுக்குத் தெரியாது, தோல் வெந்துபோகும். தூங்கப்போகுமுன் வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்தே தொடாத பரிசுத்தவான்கள் நம்முடைய பெந்தெகொஸ்தே கூட்டத்தில் உண்டு. அவர்களுடைய மனசாட்சியை நான் நியாயந்தீர்க்கமாட்டேன். ஆனால் எசேக்கியாவுக்கு ஆயுசு பதினைந்து வருஷம் கூட்டப்படும் என்று வாக்கு வந்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் கட்டச் சொன்னதை வேதம் மறைக்கவில்லை. வாக்குத்தத்தமும் இருந்தது, பத்தும் இருந்தது. பவுலின் கூட்டத்தில் லூக்கா என்ற வைத்தியன் இருந்தான். எத்தனையோ பேர் பவுலின் கையால் சுகமானார்கள். ஆனால் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாகவே விட்டுவந்ததாக அவரே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தன் சொந்த சரீரத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் எடுபடவில்லை. அதைச் சுமக்கப் போதுமான கிருபை கிடைத்தது. அப்போஸ்தலனுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லுவோமா? நானும் அநேகருடைய தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறேன், சுகமானவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். என் பாதம் இன்னும் எரிகிறது. இனியும் ஜெபிப்பேன், மாத்திரையும் சாப்பிடுவேன்.

வலியைவிடக் கொடியது ஒன்று உண்டு. வீட்டில் எல்லாரும் அயர்ந்து தூங்குகிறபோது, தான் ஒருவன் மட்டும் இரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறானே, அந்தத் தனிமை. பக்கத்தில் குறட்டைச் சத்தம். எழுப்பினால் பாவமாக இருக்கும், எழுப்பாவிட்டால் யாரும் இல்லை. தேவபிள்ளையே, கெத்செமனேயை நினைத்துப்பார். மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார், மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். மற்றவர்கள் தூங்க, தான் விழித்திருந்து வியாகுலப்படுகிறது என்னவென்று நம் ஆண்டவருக்குத் தெரியும், அதை அவருக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 77-ஆம் சங்கீதத்தில் ஆசாப் தூங்க முடியாமலும் பேச முடியாமலும் கலங்குகிறான். அந்த இராத்திரியில் அவன் பழைய நாட்களை நினைத்துக்கொண்டிருந்தான்.

முழங்காலில் நின்றால்தான் ஜெபம் என்று யார் சொன்னது? நான் வீட்டு வராந்தாவில் நடந்துகொண்டே ஜெபிக்கிறேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பதினாலு எட்டு. ஒரு நடைக்கு ஒரு குடும்பம் என்று சபைக் குடும்பங்களின் பேரைச் சொல்லி வருவேன். சில இராத்திரி முழுப் பட்டியலும் முடிந்துவிடும், சில இராத்திரி மூன்றாவது பேரிலேயே அயர்வு வந்துவிடும். அயர்வு வந்தால் போய்ப் படுத்துவிடுகிறேன். சூரைச்செடியின்கீழ் எலியாவை தேவதூதன் ஜெபிக்கச் சொல்லி எழுப்பவில்லை, சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவும் விட்டான்.

மூப்பர்களோடு பேசி முடிவு செய்ததை எழுதிவிடுகிறேன். வருகிற முழு இரவு ஜெபத்திலிருந்து ஆலயத்தின் பின்பக்கம், இரண்டு தூண்களுக்கு அப்பால் பாய் விரிக்கப்படாது. கால் குடைகிறவர்கள், எரிச்சல் உள்ளவர்கள், கர்ப்பவதிகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் அங்கே நின்று ஜெபிக்கலாம், நடந்துகொண்டும் ஜெபிக்கலாம். யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம். இராத்திரி காப்பி சிலருக்கு இந்தக் குடைச்சலை அதிகமாக்கும், அதனால் பன்னிரண்டு மணிக்குக் காப்பியோடு சுக்குத்தண்ணீரும் இருக்கும், சர்க்கரைக்காரருக்கு இனிப்பில்லாமல் தனியாக. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவேண்டாம். அந்தத் தையல்கார சகோதரி இந்த முறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பின்னாலே அவரோடுகூட நடக்கிறதற்கு என் மனைவியும் இருப்பாள்.