கையிருப்பும் கடமையும்

பிறர் உயிரைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட ஒருவன், எதிர்பாராத இடையூற்றுக்கென எவ்வளவு கையிருப்பு வைத்திருத்தல் வேண்டும்? மிகுதியாக வைத்தால் வீண் செலவு என்பர். குறைவாக வைத்தால் துணிவு என்று புகழ்வாரும் உளர். இவ்விரண்டில் அறம் எது? ஆகாய விமானிகள் இக்கேள்விக்கு நாடோறும் விடை கூற வேண்டியவராயிருக்கின்றனர். அவர்கள் எண்ணெய் நிரப்பும் முறையை நோக்கின், நமக்கும் தெளிவு பிறக்கும்.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் பறக்க ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகிறது. அவ்வழிக்கு வேண்டிய எண்ணெய் மட்டும் போதாது. எதிர்க்காற்று முதலியவற்றை உத்தேசித்து, பொதுவாக நூற்றுக்கு 5 பங்கு கூட்டுவர். சென்னையில் இறங்க இயலாதாயின் பெங்களூர் போன்ற மாற்று நிலையத்தை அடையவும் எண்ணெய் வேண்டும். அதற்கும் மேலாக, 1,500 அடி உயரத்தில் 30 நிமிஷம் வட்டமிடப் போதிய அளவு கடைசிக் கையிருப்பாக நிற்றல் வேண்டும். இது ஜெட் விமானங்களுக்குச் சர்வதேச விதிகள் வகுத்த அடிமட்டம். இதன்மேல் எவ்வளவு என்பதை, மழையையும் மூடுபனியையும் நிலையத்து நெரிசலையும் எண்ணி, விமானத் தலைவன் தன் மனச்சாட்சிப்படி தீர்மானிக்கிறான்.

“அப்படியாயின் தொட்டி நிரம்ப ஊற்றிவிட்டாலென்ன?” எனலாம். கட்டுச்சோற்றை மிகுதியாகச் சுமப்பவன், அச்சுமையாலேயே மிகப் பசித்து அதனை உண்கிறானன்றோ? கூடுதல் எண்ணெயில் மணிக்கு நூற்றுக்கு 3, 4 பங்கு, அதனைச் சுமப்பதற்கே எரிந்துபோகிறது. 1,000 கிலோ கூட்டினால், சென்னை சேருமுன் 120 முதல் 160 கிலோ வரை மறைந்துவிடும். ஆகவே அச்சத்தால் அளவின்றிச் சுமப்பதும் அறிவாகாது. சிக்கனம் குற்றமன்று, எவர் உயிரைப் பணயம் வைத்துச் சிக்கனம் செய்கிறோம் என்பதே கேள்வி.

2016 நவம்பர் 28ஆம் நாள், பிரேஸில் நாட்டுக் கால்பந்துக் குழுவொன்றை ஏற்றிக்கொண்டு பொலிவியாவிலிருந்து கொலம்பியாவின் மெடெயின் நகர் நோக்கிச் சென்றது லாமியா கம்பெனி விமானம். அதன் பயணத்திட்டத்தில் பறக்கும் நேரமும் எண்ணெய் தாங்கும் நேரமும் ஒன்றாகவே, 4 மணி 22 நிமிஷம் என்று, குறிக்கப்பட்டிருந்தன. எண்ணெய் தீர்ந்து விமானம் மலையில் வீழ்ந்தது. 77 பேரில் 71 பேர் மாண்டனர். விமானி அக்கம்பெனியின் பங்குதாரருமாவார். செலவைக் கணக்கிடும் முதலாளியும், “போதாது” என்று மறுக்க வேண்டிய காவலனும் ஒருவனேயாயின், மறுப்பவர் யார்? அவரும் உடன் மாண்டாரே என்பது சமாதானமாகாது. தன்னுயிரைத் துணிவது அவரவர் விருப்பம். பிறர் உயிரைத் துணிய எவர்க்கும் உரிமையில்லை. இதனைத் தலைவிதி என்பது, மனிதன் செய்யத் தவறியதை ஆண்டவன்மேல் ஏற்றுவதேயாகும்.

கையிருப்புத் தீர்வதை வாய்திறந்து சொல்லாமையும் பிழையே. 1990 ஜனவரி 25ஆம் நாள் நியூயார்க் நகர் நோக்கி வந்த அவியாங்கா விமானம், ஏறத்தாழ 77 நிமிஷம் வானில் காக்க வைக்கப்பட்டது. எண்ணெய் குறைகிறது, முன்னுரிமை வேண்டும் என்றனர் விமானிகள். ‘ஆபத்து’ என்று முறைப்படி அறிவித்தாரில்லை. 158 பேரில் 73 பேர் உயிரிழந்தனர். இன்றோ, கடைசிக் கையிருப்பும் குறையும் நிலையில்தான் இறங்க நேரும் என்று கண்டவுடன் ‘மேடே’ என்று அறிவித்தே தீரவேண்டுமென்பது விதி. பெரியோர் முன் வாய்பொத்தி நிற்பதைப் பணிவென்று கற்பித்த நம் சமூகம், இதனை ஊன்றி நோக்குவதாக.

பள்ளிச் சிறுவரை ஏற்றிச்செல்லும் வண்டியோட்டிக்கும், தொழிலாளர் சங்க நிதியைக் காப்போர்க்கும் இதுவே நெறி. எவரும் மீறலாகாத அடிமட்டம் ஒன்று வேண்டும். அதற்குமேல் எவ்வளவு என்பதை, லாபத்தில் பங்கில்லாத பகுத்தறிவு தீர்மானித்தல் வேண்டும். குறைவு கண்டவிடத்து அஞ்சாது கூறும் நாவும் வேண்டும். இம்மூன்றும் உள்ளவனை நம்பியே நாம் ஏறலாம். நல்ல நேரத்தை நம்பியன்று.