காலணியும் கொடையும்

கொல்கத்தாவில் துர்க்கா பூஜையை ஒட்டிப் புத்தாடையோடு புதுக் காலணியும் வாங்குவது வழக்கம். அடுத்து வரும் தீபாவளியை முன்னிட்டுத் தமிழ்க் குடும்பங்களும் அவ்வாறே வாங்குகின்றன. ஹூக்ளிக் கரையில் 1930களில் எழுந்த பாட்டாநகர், காலணித் தொழிலாலேயே பெயர்பெற்ற ஊர். இத்தகைய நகரில் வாழும் நாம் ஓர் அறவினாவை எண்ணிப் பார்க்கலாம். ‘நீங்கள் ஒரு ஜோடி வாங்கினால், ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி அளிப்போம்’ என்னும் நிறுவனத்திடம் காலணி வாங்குவது ஈகையாகுமா?

பிளேக் மைகாஸ்கி என்னும் அமெரிக்கர் 2006இல் தொடங்கிய டாம்ஸ் நிறுவனமே இம்முறையைப் புகழ்பெறச் செய்தது. கோடிக்கணக்கான ஜோடிகள் வழங்கப்பட்டன. வெறுங்காலுடன் நடக்கும் குழந்தையைக் கொக்கிப்புழு தாக்கும். ஆதலின் காலணி அற்பப் பொருளன்று. எனினும், புரூஸ் வைடிக் முதலிய பொருளியல் அறிஞர்கள் எல் சால்வடோர் நாட்டுச் சிற்றூர்களில் ஆராய்ந்தபோது, குழந்தைகள் அக்காலணிகளை அணிந்தனரே அன்றி, அவர்தம் உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. மேலும், தம் குடும்பத் தேவைகளைப் பிறர் நிறைவேற்ற வேண்டும் என்னும் எண்ணம், காலணி பெற்ற குழந்தைகளிடையே சற்று மிகுந்திருந்தது. பின்னாளில் அந்நிறுவனம் ‘ஒன்றுக்கு ஒன்று’ முறையைக் கைவிட்டு, இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கை நற்பணிக்கு ஒதுக்கலாயிற்று.

கைம்மாறு கருதிக் கொடுப்பதை வள்ளுவர் ஈகையில் சேர்க்கவில்லை. இவ்வளவுகோலால் நோக்கின், நிறுவனத்திற்கு விற்பனை பெருகுகிறது. நமக்குக் காலணியோடு மனநிறைவும் கிட்டுகிறது. எவரும் எதையும் இழக்கவில்லை. ஆதலின் இது நல்ல வாணிகமாகலாம், ஈகையாகாது.

அதனால் இது தீது என்றும் கூறலாகாது. காலணியின்றி இருந்த குழந்தையின் பாதம் வெயிலில் சுடாதிருப்பது மெய்யான பயனே. கொடுத்தவன் நோக்கம் அப்பயனைக் குறைத்துவிடாது. தீங்கு நம் உள்ளத்தில்தான் நேரக்கூடும். விலையோடு அறமும் செலுத்தியாயிற்று என எண்ணி நாம் அமைதியுறலாம். அக்காலணியைத் தைத்த தொழிலாளிக்கு உரிய கூலி கிடைத்ததா என்று கேட்கவும் மறந்துவிடலாம். கூலி கடன், கொடை அதற்குப் பின்னரே. நம் நாட்டிலும், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, வரையறுத்த அளவை எட்டிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. கடமையைச் செய்தவரைப் பாராட்டலாம். வள்ளல் என்று கொண்டாட வேண்டுவதில்லை.

ஆகவே, காலணியைக் காலுக்கும் கைப்பொருளுக்கும் ஏற்ப வாங்குவோம். ஈகைக்கெனப் பூஜை போனஸில் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைப்போம். அதை அளிக்குமுன், அக்குழந்தைக்கு வேண்டுவது காலணியா, பாடநூலா, மருந்தா என அதன் பெற்றோரைக் கேட்டறிவோம். அங்ஙனம் கேட்கும் பொறுமையும் ஈகையின் ஒரு பகுதியே.