பொதுச் சிற்பமும் சபையாரின் காவலும்

பொருளொன்றை உடையவன் அதனை விற்றற்கும் உரியவன் என்பது உலகவழக்கு. ஊரார் பொருட்டு ஒரு சபையார் வாங்கிவைத்த சிற்பத்துக்கும் இவ்வழக்குச் செல்லுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது. தருமசாதனஞ் செய்யப்பட்ட நிலத்தின் உறுதியிலே தருமகர்த்தாவின் பெயர் இருப்பினும் அந்நிலம் அவர்க்குச் சொந்தமன்று என்பதை நம்மவர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. சிற்ப விஷயத்தில் அது அத்துணை எளிதாகத் தெளியப்படுவதில்லை. இலண்டன் மாநகரிலே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வாம்.

ஹென்றி மூர் என்னும் ஆங்கிலச் சிற்பி, ஆடை போர்த்து அமர்ந்திருக்கும் மாதொருத்தியின் வெண்கலவுருவை 1957, 1958 ஆம் ஆண்டுகளில் ஆக்கினார். 1962 இல் அப்போதைய இலண்டன் கவுண்டி சபையார் அதன் வார்ப்புக்களுள் ஒன்றை ஏறத்தாழ 7,000 பவுணுக்கு வாங்கி, நகரின் கிழக்குப் பாகமாகிய ஸ்ரெப்னியிலே, எளிய மக்கள் குடியிருந்த தொடர்மாடி வீடுகளின் நடுவே நிறுவினர். யுத்தகாலத்திலே குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சுரங்கப் புகையிரத நிலையங்களில் ஒடுங்கிக் கிடந்த மாந்தரை வரைந்தவர் இச்சிற்பி. அக்குண்டுகளால் மிக அழிந்த பகுதிகளுள் ஒன்று அக்கிழக்குப் பாகம். சந்தை விலையிற் குறைத்தே அவர் அதனைக் கொடுத்தார். குறைத்த பாகம் சபையார்க்குச் செய்த சகாயமன்று. நாடோறும் அவ்வழியே போய்வரும் ஏழைமக்கட்கு அளித்த கொடை என்க. அம்மக்களோ அவ்வுருவைப் 'புளோக் கிழவி' எனப் பெயரிட்டழைத்தனர். சிற்பி இட்ட பெயரினும் இப்பெயரே நமக்குச் சுவைக்கின்றது.

அவ்வீடுகள் இடிக்கப்படவிருந்தமையால் 1997 இல் சிற்பம் யோர்க்சயரிலுள்ள சிற்பப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. பதினைந்தாண்டு கழிந்து, 2012 இல், ஸ்ரெப்னியை ஆளும் டவர் ஹாம்லெற்ஸ் சபையார் அதனை விற்கத் துணிந்தனர். அரசினர் தரும் பணம் பெரிதும் குறைந்தது. காப்புறுதிச் செலவு மிகுதி. விலையோ 2 கோடி பவுண் வரை பெறுமென்று மதிக்கப்பட்டது. வெண்கலத் திருடர் பயமும் வீண்பயமன்று. 2011 இன் இறுதியிலே அந்நகரின் டல்விச் பூங்காவில் நின்ற, பார்பரா ஹெப்வேத் என்னும் சிற்பியின் வெண்கலச் சிற்பமொன்று களவுபோயிற்று.

இக்காரணங்களை எள்ளி நகையாடுதல் தகாது. பசித்த குழந்தையின் முன்னே வெண்கலம் எம்மாத்திரம் என்று வினவுவார்க்கு விடை சொல்லவேண்டும். குழந்தையின் உயிர் அவ்விற்பனை ஒன்றையே சார்ந்து நின்றதாயின் விற்றலே தருமம் என்று நாமும் சொல்லுவோம். நிலை அதுவன்று. வரவுசெலவின் குறை ஆண்டுதோறும் வருவது. சிற்பமோ ஒருமுறையே விற்கப்படுவது. இவ்வாண்டின் குறையை அதனால் நிரப்பின் வருமாண்டில் எதனை விற்பது? இனிப் பிறக்கும் ஏழையின் பங்கை எடுத்து இன்றுள்ள ஏழைக்கு ஈதல் ஈகையுமாகாது. அன்றியும், கொடுத்தவன் கருதிக் குறைத்த விலையைச் சபையார் தமக்கு இலாபமாக்கிக்கொள்ளுதல், கொடையை முதலாகப் போட்டு வணிகஞ் செய்தலேயாம். நோத்தம்ரன் நகரசபையார் 2014 இல் தம் நூதனசாலையிலிருந்த செகெம்கா என்னும் எகிப்தியச் சிலையை ஏறத்தாழ 1 கோடியே 58 இலட்சம் பவுணுக்கு விற்றனர். நூதனசாலை தன் அங்கீகாரத்தை இழந்தது. இனி அச்சபையை நம்பி ஒன்றைக் கொடுக்க எவர் முன்வருவர்?

கிழவியின் விஷயம் நீதிமன்றம் ஏறிற்று. பழைய சபைகள் கலைக்கப்பட்டபோது உரிமை தம்பால் வந்ததென்று புறொம்லி சபையார் வாதித்தனர். 2015 இல் உயர்நீதிமன்றம் டவர் ஹாம்லெற்ஸ் சபையார்க்கே அதனை உரியதாக்கியது. பிறர் உரிமை கோருதற்குரிய காலம் கடந்தமையும் அதற்கு ஓர் ஆதாரமாயிற்று. காலங் கடந்தமையால் உடைமை பெறலாம். கொடுத்தவன் கருத்தை நிறைவேற்றுங் கடன் அங்ஙனம் நீங்குமோ? அவ்வாண்டிலேயே புதிய நகரபிதா விற்பனையைக் கைவிட்டார்.

விற்பனையை எதிர்த்தோரையும் ஒன்று கேட்போம். பதினைந்தாண்டு அச்சிற்பம் நூற்றைம்பது மைலுக்கப்பால் நின்றபோது, அது எப்போது மீளும் என்று கேட்டவர் எத்தனைபேர்? பூங்காவிலே அது பத்திரமாகவே இருந்தது. பிறர் பலர் கண்டு மகிழ்ந்தனர். யார்பொருட்டு வாங்கப்பட்டதோ அவர் மாத்திரம் கண்டிலர். புத்தகம் அழுக்காகுமென்று அஞ்சி அலுமாரியைத் திறவாத உபாத்தியாயரை நாம் அறிவோம். ஒரு தாளும் கிழியாது, ஒரு மாணாக்கனும் படியான்.

2017 இல் கிழவி கிழக்கிலண்டனுக்கு மீண்டாள். அவளை இருத்திய இடமோ, வங்கி மாளிகைகள் செறிந்த கனேரி வாஃபிலுள்ள கபொட் சதுக்கம். அதுவும் அச்சபையின் எல்லைக்குட்பட்டதே, காவலும் நன்று. ஸ்ரெப்னித் தொழிலாளியின் பிள்ளை அங்கே கூச்சமின்றிச் சென்று அவள் மடியருகே நிற்குமோ என்பது சபையார் விடையிறுக்கவேண்டிய வினா.