களைப்பும் கல்லாப்பெட்டியும்

 

நாம் ஆலிமல்லர். ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம் கல்வி. மற்றதெல்லாம் மளிகைக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்று கற்றது. ஆகவே மார்க்கச் சட்டம் பேச இங்கு வரவில்லை. வியாபாரிகளாகிய நம்மில் இருவர் சந்தித்தால், ஸலாமுக்கு அடுத்தபடியாக வாயில் வரும் சொல் எது? "ஒரே அசதி, நானா" என்பதுதானே? அந்த அசதியைப் பற்றியே நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

உழைத்தவனுக்குக் களைப்பு வருவது குற்றமன்று. ஹலாலான பிழைப்புக்காக மூட்டை தூக்கி வந்த களைப்பில் நன்மையுண்டு. முஃமினுக்கு நேரும் சோர்வும் கவலையும், காலில் தைக்கும் முள்ளுங்கூட அவனுடைய பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். ஆனால் நம்முடைய களைப்பெல்லாம் அந்த வகைதானா என்பதே கேள்வி. அந்நபஃ அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா தன் அருட்கொடைகளைச் சொல்லிக்காட்டும்போது, உறக்கத்தை ஓய்வாகவும், இரவை ஆடையாகவும், பகலைப் பிழைப்புக்குரியதாகவும் ஆக்கியதை நினைவூட்டுகின்றான். நாமோ அந்த ஆடையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, குழல் விளக்கை எரியவிட்டு, இன்னும் ஒரு வாடிக்கைக்காரர் வரமாட்டாரா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

இதில் கடிகாரத்திற்கும் கொஞ்சம் பங்குண்டு. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நேரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால் பினாங்கில் மஃரிபுக்கே ஏழு, ஏழரை ஆகிவிடுகிறது. இஷா தொழுது பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது மணி ஒன்பதை நெருங்குகிறது. அதற்குப் பிறகும் வந்து கடையில் உட்கார்ந்தால், படுக்கைக்குப் போவது எப்போது? ஸுப்ஹுக்கு எழுவது எப்படி?

நம் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு ஷஃபான் மாதம். நோன்புச் சரக்கு இறங்கும் காலம். பேரீச்சம்பழம், மாவு, கடலை, வெங்காயம் என்று லாரிமேல் லாரியாக வந்துகொண்டிருந்தது. நாம் எழுந்தது ஸுப்ஹுக்கு முன். கல்லாவை எண்ண உட்கார்ந்தது நள்ளிரவு. முந்நூறு வெள்ளி குறைந்தது. மறுபடி எண்ணினோம், அப்போதும் முந்நூறு. ஊரிலிருந்து வந்து நம்மிடம் வேலை செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர் ஏணியில் நின்று மாவுப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்தார். அன்று பகலில் நாம் லுஹர் தொழப் போனபோது கல்லாவைப் பார்த்துக்கொண்டவர் அவரே. எடுத்தாயா என்றுகூட நாம் கேட்கவில்லை. "எடுத்ததை வைத்துவிடு" என்றுதான் நம் நாக்கு சொல்லிற்று. வேறு இரண்டு பணியாட்களும் அங்கே நின்றார்கள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஏணியை விட்டு இறங்கினார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். கைலி மடியை அவிழ்த்து உதறிக் காட்டினார். "பாத்துக்குங்க முதலாளி" என்றார். பிறகு ஏணியில் ஏறி, மீதிப் பொட்டலங்களை அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் ஸுப்ஹு தொழுதுவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த நம்முடைய சட்டையை எடுத்தபோது பையில் காகிதம் சரசரத்தது. வெங்காயம் இறக்கிய லாரிக்காரருக்கு நாமே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த முந்நூறு வெள்ளிக்கு அவர் தந்த ரசீது. நம் கையால் கொடுத்தது. நம் பையில் கிடந்தது. அவருடைய பையைப் பார்த்த நாம், நம் பையைப் பார்க்கவில்லை.

கடையின் பின்கட்டில் அவரைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை முதலாளி" என்றார். ஆனால் மனம் ஆறவில்லை. பழி சொன்னது நாலு பேர் முன்னால். மன்னிப்பு மட்டும் மறைவிலா? மாலையில் அந்த இரண்டு பணியாட்களையும் நிறுத்திவைத்து மறுபடி கேட்டோம். அப்போதுதான் அந்தத் தம்பியின் கண் கலங்கிற்று.

இதற்குப் பின்னர் ஒரு ஜும்ஆவில் ஹஜ்ரத் அவர்கள் எடுத்துச் சொன்ன ஹதீஸ் நம் நெஞ்சில் தைத்தது. தொழும்போது ஒருவருக்குத் தூக்கம் மேலிட்டால், அது தெளியும்வரை அவர் உறங்கட்டும் என்று நாயகமவர்கள் பணித்தார்கள். தூக்கக் கலக்கத்தில் தொழுபவர், பாவமன்னிப்புக் கேட்பதாக நினைத்துத் தம்மையே ஏசிக்கொள்ளக்கூடும் என்பதே காரணம். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. அல்லாஹ்வின் முன்னிலையில் நிற்பவனுடைய நாவே களைப்பில் தடுமாறும் என்றால், கல்லாவின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுடைய நா எம்மாத்திரம்! 1997இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் ஒன்றைச் சோதித்து வெளியிட்டார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கையும் கண்ணும், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 அளவு மது ஏறியவனுடையதைப் போலாகிவிடுகின்றனவாம். சாராயத்தை வாழ்நாளில் தொட்டறியாத நாம், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அந்த நிலையில் கணக்கு எழுதுகிறோம்; பிறரைத் திட்டுகிறோம்; வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் எரிந்து விழுகிறோம்.

களைப்பைப் போக்க நம்மவர்கள் அறிந்த ஒரே மருந்து தே தாரிக். அஸருக்கு ஒன்று, மஃரிபுக்கு ஒன்று, கடை அடைக்குமுன் ஒன்று. தேயிலையின் சத்து, குடித்து ஐந்து மணி நேரம் போன பிறகும் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும் என்பதை அறிந்தவர் சிலரே. பத்து மணிக்குக் குடித்தவருக்குப் படுக்கையில் உறக்கம் எங்கிருந்து வரும்? கூடவே கெட்டிப் பாலின் இனிப்பு வேறு. அஸரோடு தேநீரை நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடிப்பது நல்லது. இந்த வெக்கையில் பாதி அசதி தண்ணீர் தாகந்தான். பகலில் லுஹருக்குப் பிறகு இருபது நிமிஷம் தலைசாய்க்கலாம். ஸஹாபாக்கள் ஜும்ஆ தொழுதபின் கைலூலா உறங்கியது ஹதீஸில் வந்திருக்கிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் ஒரு மணி, இரண்டு மணி என்று நீட்டினால் எழும்போது தலை கனக்கும்.

இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் அசதி விடாவிட்டால் டாக்டரிடம் போய் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தக் குறைவு, தைராய்டு, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு அடைபடுவது எல்லாம் அசதி வேஷத்தில்தான் வரும். நீரிழிவும் அப்படியே, 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அது இருப்பதாகக் கண்டார்கள்.

படுக்கைக்குப் போகும் நேரத்திற்கு நாயகமவர்கள் தம் அருமை மகளாருக்குத் தந்த மருந்தொன்று உண்டு. திரிகை அரைத்துக் கை காய்த்துப்போன பாத்திமா (ரலி) அவர்கள், வீட்டு வேலைக்கு ஓர் ஆள் கேட்டு வந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதச் சொன்னார்கள். பணியாளைவிட அது மேலானது என்றார்கள். கை காய்த்தவருக்கு வார்த்தையா மருந்து என்று சிறுவயதில் நாம் நினைத்ததுண்டு. கடைக்காரனான பிறகுதான் புரிந்தது. விளக்கை அணைத்துப் படுத்த பின்னும் நம் மூளை எண்ணிக்கொண்டே கிடக்கும்: இவன் பாக்கி இத்தனை, அந்தச் சரக்கு இத்தனை. எண்ணாமல் இருக்க நம்மால் முடியாது. ஆகவே எண்ண வேறொன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. பல இரவுகளில் நூறு முடியுமுன் உறங்கிவிடுகிறோம்.

இனிப் பணியாளர் விஷயம். நம் களைப்பாவது நாம் விரும்பி வாங்கியது. அவர்களுடையது நாம் கொடுத்தது. அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். அப்போதுதான் நாயகமவர்கள், பணியாட்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களுடைய சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்று கண்டித்தார்கள். நாக்கு தவறிய இடத்தில் வந்த உபதேசம் சுமையைப் பற்றியும் பேசுவதைக் கவனியுங்கள். மலேசியச் சட்டமுங்கூட 2023 ஜனவரி முதல் வார வேலையை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்திருக்கிறது. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வும் கொடுக்கச் சொல்கிறது. சட்டத்திற்குப் பயந்து கொடுப்பவர் சிலர். அதற்கும் பயப்படாதவர் சிலர். மூன்று பேர் வேலையை இரண்டு பேரிடம் வாங்கிக்கொண்டு, அந்த மூன்றாவது சம்பளத்தை பரக்கத் என்று எண்ணிக்கொண்டிருப்பவரும் நம்மிடையே உண்டு.

அந்த ஷஃபானுக்குப் பிறகு நாம் இரவு ஒன்பதரைக்குக் கடையை அடைக்கத் தொடங்கினோம். முதல் சில மாதம் வரும்படி குறையத்தான் செய்தது. எதிர்க்கடைக்காரர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய விளக்கு இன்றும் நள்ளிரவு வரை எரிகிறது. நம் வாடிக்கைக்காரர்கள் மெல்ல மெல்ல ஒன்பது மணிக்குள் வரப் பழகிக்கொண்டார்கள். வராதவர்கள் அங்கே போகிறார்கள். அவர்களுடைய ரிஸ்க்கு அவர்களுக்கு.

அந்தத் தம்பி 2022இல் ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகச் சிறு கடை வைத்திருக்கிறார். பெருநாளைக்குப் பெருநாள் டெலிபோனில் கூப்பிடுவார். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்துவிட்டு, "இப்ப எத்தனை மணிக்குக் கடை அடைக்கிறீங்க முதலாளி?" என்று கேட்பார். ஒன்பதரைக்கு என்போம். நோன்பு மாதத்தில் சில நாள் பத்தரையும் ஆகிவிடுகிறது. அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.