மிச்ச உரம் யாருக்குச் சொந்தம்?

சென்ற பள்ளி விடுமுறையில் நம் இளைஞர்கள் சிலரோடு கேமரன் மலைக்குப் போயிருந்தேன். ரிங்லெட் ஏரிக்கரையில் வேனை நிறுத்தினோம். வரும் வழியெல்லாம் தேயிலைச் சரிவுகள் பச்சைப் பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சி. ஏரித் தண்ணீரோ தே தாரிக் நிறம், ஓரத்தில் ஆகாயத்தாமரை.

"அண்ணே, மேல அவ்வளவு அழகா இருக்கு, கீழ மட்டும் ஏன் இப்படி?" என்றான் ஒரு தம்பி. "மண்ணு கரைஞ்சு வருதுப்பா" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். அது பாதிப் பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை. உதிர்ந்த இலையைப் பூஞ்சையும் மண்புழுவும் மக்க வைக்கின்றன. அதிலிருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் வேர் வழியாக மறுபடி மரத்துக்கே போய்ச் சேர்கின்றன. தேயிலை வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. கொழுந்து லாரி ஏறிப் போய்விடுகிறதே! 1000 கிலோ தேயிலைத் தூளோடு ஏறத்தாழ 40 கிலோ தழைச்சத்தும் மலையை விட்டு இறங்கிவிடுகிறது. கோலாலம்பூரில் குடித்துவிட்டுச் சக்கையைக் குப்பையில் கொட்டுகிறோம். மலைக்கு அதை யார் திருப்பி அனுப்புகிறோம்?

ஆக, உரம் போடுவது எடுத்த கடனைத் திருப்பிக் கொடுப்பதுதான். உழுவதைவிட எருவிடுவது நல்லது என்றார் வள்ளுவர். அதற்கு முந்தின குறளிலோ, மண்ணை நன்றாக உழுது காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ரசாயன உரமென்றாலே விஷம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1909இல் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகில் ஏறத்தாழப் பாதிப்பேர் சாப்பிடுவது அந்த உரத்தின் தயவில்தான். கோழி எரு மட்டும் புனிதமா? மூட்டையிலிருந்து வந்ததா, கோழியிடமிருந்து வந்ததா என்று ஆறு கேட்பதில்லை.

சிக்கல் மிச்சத்தில் இருக்கிறது. உலகெங்கும் பயிருக்குக் கொடுக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைப் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. நைட்ரேட் தண்ணீரில் கரைந்து ஓடும்; மணிச்சத்து மண்துகளோடு ஒட்டிக்கொண்டு போகும். அடர்ந்த தேயிலைச் செடி, கவாத்து வெட்டிய இலையையும் அடியில் போட்டுவிட்டால், மண்ணை ஓரளவு பிடித்துவைக்கும். ஆண்டுக்குப் பலமுறை கிளறிப் போடும் காய்கறிக் காட்டில் அது நடக்காது. எல்லாம் பெர்த்தாம் ஆறு வழியாக, 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணைக்கு வந்து சேர்கிறது. வந்த சத்தைத் தின்று பாசியும் ஆகாயத்தாமரையும் கொழுக்கின்றன. அவை அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் மூச்சுத் திணறுகிறது. கூடவே வந்த மண் ஏரியின் கொள்ளளவைத் தின்கிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியதாயிற்று. பெர்த்தாம் வேலியில் உயிர்களும் வீடுகளும் போயின.

இதில் குற்றவாளி யார்? எங்கள் உறவில் ஒரு மாமா அங்கே முட்டைக்கோஸ் போடுகிறார். அவரிடமே கேட்டேன்.

"மழை அடிச்சுக்கிட்டுப் போயிடும்னு பயந்துதான் ரெண்டு பிடி கூடப் போடுறேன். கோஸ் சின்னதா இருந்தா தவுக்கே வாங்க மாட்டான். நெலமும் எனக்குச் சொந்தமில்ல, வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பிக்கணும். அடுத்த வருஷமே தெரியாதவன் நாப்பது வருஷத்தை எங்கே யோசிக்கிறது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாசார் மாலாமில் ஐம்பது சென்னுக்குப் பேரம் பேசுகிறவன் நான். அவர் போடும் அந்த இரண்டு பிடியில் என் பங்கும் உண்டு. ஆனாலும் தெரியாமல் செய்வது வேறு, தெரிந்தபின் செய்வது வேறு. கோஸ் விற்ற காசு எனக்கு, ஓடிப்போன உரம் ஓடையை நம்பி வாழும் ஒராங் அஸ்லி குடும்பத்துக்கு என்று பிரித்துக்கொள்வது எந்தக் கணக்கில் நியாயம்? லாபத்தை எடுத்துக்கொள்கிறவனுக்குத்தான் மிச்சமும் சொந்தம். இதை மாமாவிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பேசாமல் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

போன மாதம் போன் பண்ணினார். உரத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல் மூன்று தடவையாகப் பிரித்துப் போடுகிறாராம். ஓடையை ஒட்டிய இரண்டு வரிசையை விட்டுவிட்டாராம்; அங்கே புல் வளர்ந்து, வழிந்து வரும் மண்ணைப் பிடிக்கிறதாம்.

"ரெண்டு வரிசை கோஸ் போச்சேன்னு உங்க அத்தை இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார்.