பிள்ளை பராமரிப்புக்குக் கூலி வாங்கலாமா?

திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து ஒரு சகோதரி நம்மிடம் மஸ்அலா கேட்டு வந்தார். கணவர் வஃபாத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டின் முன்கூடத்தில் பிள்ளைகள் காப்பகம் ஒன்று தொடங்க எண்ணியிருக்கிறார். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் அழைத்துச் செல்வார்கள். மாதக் கட்டணம். ஆனால் அவருடைய கொழுந்தனார், "பிள்ளைப் பாசத்தையும் காசுக்கு விற்பதா? அந்தப் பணத்தில் பரக்கத் இருக்குமா?" என்று கேட்டுவிட்டாராம். "ஹஸ்ரத், இந்த வருமானம் என் பிள்ளைகளுக்கு ஹலால்தானா?" என்று கண் கலங்கினார்.

ஹலால்தான். இதில் ஐயமே வேண்டாம். பிறருடைய பிள்ளைக்குப் பாலூட்டும் பெண்ணுக்கு முறைப்படி கூலி கொடுத்துவிட வேண்டும் என்று திருமறையே அல்பகரா, அத்தலாக் ஆகிய இரு சூராக்களில் கூறுகிறது. ஹலீமா ஸஅதிய்யா (ரலி) அவர்களும் அவர்களுடைய கூட்டத்துப் பெண்களும் கூலியை எதிர்பார்த்துத்தான் மக்காவுக்கு வந்தார்கள். தகப்பனில்லாப் பிள்ளையால் என்ன கிடைக்கும் என்று முதலில் தயங்கியவர்களில் ஹலீமா அவர்களும் ஒருவர். அந்த எதிர்பார்ப்பை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை.

ஆயினும் கொழுந்தனாரின் கேள்வியை நாம் ஒதுக்கிவிட விரும்பவில்லை. உண்மையில் இங்கே விற்கப்படுவது எது? நம் ஃபிக்ஹு மேதைகள் இதைப் பற்றி நுணுக்கமாக வாதித்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 593-இல் மறைந்த மர்கீனானீ இமாம் தம் 'ஹிதாயா'வில் செவிலித்தாயின் ஒப்பந்தத்தை ஆராய்கிறார். கூலி பாலுக்கா, பிள்ளைக்குச் செய்யும் பணிவிடைக்கா? பணிவிடைக்குத்தான், துணிக்குச் சாயமிடுபவனிடம் சாயம் சேர்ந்தே வருவதைப் போலப் பால் அதனுடன் சேர்ந்து வருகிறது என்பது ஒரு கருத்து. பாலுக்குத்தான் என்பது மறு கருத்து. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: அந்தப் பெண் ஆட்டுப்பாலைப் புகட்டி நாளைக் கடத்தினால் அவளுக்குக் கூலி கிடையாது. பிள்ளையின் வயிறு நிறைந்திருக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்ட வேலை நடக்கவில்லை.

இன்றைய ஆட்டுப்பால் எது தெரியுமா? கைப்பேசி! அழுகிற பிள்ளையின் முன்னால் அதை வைத்துவிட்டால் மூன்று மணி நேரம் சத்தமே இருக்காது. தாய் வந்து கேட்டால், "சமர்த்தாக இருந்தான்" என்று சொல்லிவிடலாம். பொய்யும் அல்ல. அப்படிக் கழிந்த நேரத்துக்கு வாங்கும் பணத்தைப் பற்றித்தான் நாம் அஞ்சுகிறோம். பாசத்துக்கு யாரும் விலை போட முடியாது. தாயும் அதைக் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்குவதற்கும், கழுவுவதற்கும், ஊட்டுவதற்கும், அதன் மீது கண் வைத்திருப்பதற்கும்தான் பணம் தருகிறாள்.

பிள்ளை ஓர் அமானிதமும் கூட. கவனக்குறைவு இல்லாமல் அமானிதப் பொருள் அழிந்தால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது சட்டம். ஆனால் கவனக்குறைவு என்பது எங்கே தொடங்குகிறது? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவுச் சமையற்கட்டில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் மாண்டார்கள். கூரையும் அடுப்பும் அருகருகே இருந்ததை அன்றாடம் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! ஆகவே இந்தச் சகோதரியிடம் நாமே சில கேள்விகள் கேட்டோம். அடுப்பு எங்கே இருக்கிறது? தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா? மாடிப்படிக்குக் கதவு உண்டா? பதினைந்து பிள்ளைகளுக்கு எத்தனை பேர்? "நானும் ஒரு ஆயாவும்" என்றார். கைக்குழந்தைகளும் இருந்தால் இருவர் போதாது என்றோம். அந்த ஆயாவுக்கு என்ன சம்பளம் என்று கேட்டபோது சற்றுத் தயங்கினார். தமக்கு ஹலாலான கூலியைத் தேடுகிறவர் அடுத்தவருக்கும் நிறைவாகக் கொடுக்கத்தானே வேண்டும்?

இடையில் இன்னொன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகள் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பிடம் வைத்தாக வேண்டும் என்று விதித்தது. 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. ஆலையே இந்தச் சுமையை ஏற்றால் தாய்மார்கள் ஏன் நம் சகோதரியின் வாசலுக்கு வரப்போகிறார்கள்!

கடைசியாக அவர் கேட்டது: "பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமானால் கூடுதல் பணம் வாங்கலாமா?" முதல் நாளே சொல்லி, அவர்களும் சம்மதித்திருந்தால் கூடும், சொல்லாமல் கடைசியில் கேட்பது கூடாது என்றோம். சற்று யோசித்தார். "ஆலை பஸ் தாமதமாக வந்தால் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் ஹஸ்ரத்? அதற்கு மட்டும் நான் வாங்கவில்லை" என்று கூறி எழுந்தார்.